எழுபத்தெட்டு, எண்பத்தாறு

பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஆறாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
கோப்புகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
நூற்றுப்பத்துப் படி ஏறிப் போனேன்,
என் கம்பெனி என்ன கம்பெனி என்று
தெரிந்துகொள்ள.

டெண்டர் கேட்டது:
அரசு ஆஸ்பத்திரிக்கு இரவு நர்ஸ்கள், அறுபது பேர்.
தொழில் வகை எண் எண்பத்தாறு,
மனித உடல்நலம்.
என் பதிவில் இருப்பது எழுபத்தெட்டு,
தற்காலிக ஆள் அனுப்புதல்.
விலை என்னுடையதுதான் குறைவு.
எண் பொய் என்று
எதிர்க் கம்பெனி எழுதிப் போட்டது.

எழுபத்தெட்டில் என் அண்டை வீட்டார்:
கரும்பு வெட்ட ஆள் அனுப்புகிறவர்,
கிறிஸ்துமஸ் வாரத்தில் கடைகளுக்குப்
பெட்டி அடுக்கப் பையன்களை அனுப்புகிறவர்.
எண்பத்தாறில் டாக்டர், பல் டாக்டர், ஆம்புலன்ஸ்.
இடையில் சுற்றுலா உண்டு, காவல் உண்டு,
புல் வெட்டுவது உண்டு, பள்ளிக்கூடம் உண்டு.
எண்பத்து மூன்று மட்டும்
பட்டியலிலேயே இல்லை.
ஏன் என்று கேட்டேன்.
அது இந்த வழக்கில் வராது என்றார்கள்.

நன்றாகத்தான் பேசினேன்.
என் ஆள் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறாள்,
சலைன் ஏற்றுகிறாள்,
விடிய நாலு மணிக்குச் செத்தவரின் தாடையை
விறைப்பதற்குள் துணியால் கட்டுகிறாள்.
இது உடல்நலம் இல்லையென்றால்
புல் வெட்டுவதா?
தலைவர் ஸோண்டி
சிரிப்பை அடக்கிக்கொண்டு எதையோ குறித்தார்.
ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தான்.
நாயக்கர் வீட்டுப் பையன், பிரேனவன்.
மணிக்கட்டில் காவடிக் காப்பு,
மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது.
பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தான்.
என் கடிதம்.
மூன்று வருஷம் முன்னால்
விபத்து இழப்பீட்டு நிதிக்கு நான் எழுதியது.

'நாங்கள் மருத்துவச் சேவை செய்வதில்லை.
ஆட்களை அனுப்புகிறோம், அவ்வளவே.
ஆகவே ஆஸ்பத்திரி விகிதத்தில்
எங்களிடம் கட்டணம் கேட்பது பொருந்தாது.'

அந்த 'அவ்வளவே'யை எழுதிவிட்டு
அன்றைக்கு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.
கட்டணம் பாதியாகக் குறைந்தது.
மிச்சத்தில்
சாட்ஸ்வர்த் ஆபீசுக்குக் கூரை மாற்றினேன்.

கடிதத்தில் நான் எழுதாதது:
ஏழாம் வார்டில் புசிசிவேயின் பெருவிரலில்
பாவித்த ஊசி இறங்கியது.
இருபத்தெட்டு நாள் மாத்திரை.
வாந்தி எடுத்துவிட்டு வாய் கழுவி
வேலைக்கு வந்தாள்.
மூன்றாம் மாதம் போன் செய்து
சுத்தம் மிஸஸ் மூட்லி, ஒன்றுமில்லை என்றாள்.
கடவுள் கிருபை என்று சொல்லி
அடுத்த வார ஷிஃப்டைப் படித்துக் காட்டினேன்.

'இரண்டில் எது உண்மை, மேடம்?'
மேடம் என்று மரியாதையாகத்தான் கேட்டான்.
தண்ணீர் குடித்தேன்.
கிளாஸ் காலியான பிறகும்
கொஞ்ச நேரம் குடித்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு பதினாலு நாளில்.

இறங்கும்போது படிகளை எண்ணவில்லை.
கேட்டோ ரிட்ஜில் பனிமூட்டம்,
லாரிகள் எல்லாம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு
ஊர்ந்தன.
பெட்ரோல் பங்கில் ஒதுங்கிய நேரம்
ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
இன்றைக்கு ராத்திரி ஒரு ஆள் குறைகிறது,
அனுப்ப முடியுமா?
எந்த எண்ணில் என்று அந்த சிஸ்டர் கேட்கவில்லை.

புசிசிவேயைக் கூப்பிட்டேன்.
பின்னால் குக்கர் விசில், குழந்தை அழுகை.
டாக்ஸிக் காசு யாருடையது என்றாள்.
என்னுடையது என்றேன்.
எந்த வார்டு?
ஏழு.

குக்கர் இன்னொரு தரம் விசிலடித்தது.
சரி, போகிறேன், என்றாள்,
கையுறை நானே கொண்டுபோய்க்கொள்கிறேன்.